கடையிலிருந்து நேரலை: தொடங்குவது எப்படி, தொடர்வது எப்படி?

கொழும்புத் தேயிலை ஏலம் 1883ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் திகதி ஆரம்பமானது. அன்று முதல் வாங்குவோர் ஓரிடத்தில் கூடுவார்கள், வாயால் விலை கேட்பார்கள், சுத்தியல் விழுந்ததும் சரக்கு கைமாறும். இதுவே வழக்கமாக இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்ததும் கூடுவதற்கு வழியில்லாமல் போனது. தேயிலை ஏலம் நின்றால் தொழிற்சாலைக்குப் பணம் வராது. தொழிற்சாலைக்குப் பணம் வராவிட்டால் தோட்டத்துச் சம்பளம் தடைப்படும். தோட்டத்துச் சம்பளம் தடைப்பட்டால் ஹட்டன் கடைவீதியில் வியாபாரம் படுத்துவிடும். ஆனால் ஏலம் நிற்கவில்லை. 2020 ஏப்ரல் தொடக்கத்திலேயே அது இணையத்துக்கு மாறியது. மண்டபத்தில் உட்கார்ந்தவர்கள் அவரவர் இடத்திலிருந்து திரையைப் பார்த்து விலை கேட்டார்கள்.

அத்தனை பழைமையான ஒரு சந்தை சில வாரங்களில் திரைக்கு மாற எப்படி முடிந்தது? கணினி மட்டும் காரணமென்று நினைத்தால் தவறு. மூன்று விடயங்கள் ஏற்கெனவே ஒழுங்காக இருந்தன. முதலாவது, நாள். ஏலம் எந்த நாளில் நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது, மாதிரி. ஏலத்துக்கு முன்பே பட்டியலும் தேயிலை மாதிரியும் வாங்குவோர் கைக்குப் போய்விடும். அவர்கள் சுவைத்துப் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்வார்கள். மூன்றாவது, கணக்கு. யார் யாருக்கு எப்போது பணம் கொடுக்க வேண்டும், சரக்கை எப்போது எடுக்க வேண்டும் என்பதில் குழப்பம் இல்லை.

இன்று கையடக்கத் தொலைபேசியில் நேரலை நிகழ்ச்சி நடத்தி வியாபாரம் செய்ய ஆசைப்படும் சிறு வர்த்தகர் ஒவ்வொருவரும் இந்த மூன்றையும் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். நாள், மாதிரி, கணக்கு. இவை சரியாக இருந்தால் சாதாரண தொலைபேசியே போதும். இவை இல்லாவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த கெமராவும் உதவாது.

எதற்காக நேரலை?

மலையகக் கடைவீதிகளின் நிலை நமக்குத் தெரிந்ததுதான். தோட்டத்துச் சம்பளம் கைக்கு வரும் 10ஆம் திகதியை ஒட்டி ஹட்டன், தலவாக்கலை, நோர்வூட், பொகவந்தலாவை கடைகளில் கூட்டம் சேரும். தீபாவளிக்கும் பெருநாளுக்கும் சித்திரைக்கும் சேரும். மற்ற நாட்களில் முதலாளி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். இதற்கிடையில் தோட்டத்து இளைஞர்களும் யுவதிகளும் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய்விட்டார்கள். கையில் காசு புழங்குவது அவர்களிடம். அவர்கள் உங்கள் வாசலைத் தாண்டி நடப்பதில்லை. ஆனால் இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கட்டுநாயக்கவில் வேலை செய்யும் மகள், லயத்தில் இருக்கும் தன் தாய்க்குக் கம்பளிச் சட்டை வாங்க நினைக்கிறாள். கொழும்பிலிருந்து அனுப்பும் கடை தோட்டத்துக் கடைசி டிவிசன் வரை பார்சல் கொண்டுபோகுமா? உங்களால் முடியும். தோட்டப் பாதையும் ஓட்டோக்காரரும் ஆட்களும் உங்களுக்குத் தெரியும். தோட்டக் குடும்பங்கள் பலவற்றுக்கு இன்னும் தனி முகவரி கிடையாது. வெளியூர் வியாபாரிக்கு இது பெரிய தடை. உங்களுக்கோ இதுவே பெரிய முதல். நேரலை என்பது அந்த மகளின் கண்முன் உங்கள் கடையைத் திறந்து வைப்பது. பொருளைத் தாயின் கையில் சேர்ப்பது உங்கள் பழைய தொழில்.

பிற நாடுகளில் நடந்தது

யூடியூப் 2011இல் நேரலையை ஆரம்பித்தது. பேஸ்புக் 2016இல் அதை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதே 2016இல் சீனாவின் தாவோபாவ் நிறுவனம் நேரலையில் காட்டி விற்கும் முறையைத் தொடங்கியது. இன்று அங்கே அது பெரும் வணிகம். தமிழ்நாட்டில் சேலத்துக்கு அருகிலுள்ள இளம்பிள்ளையில் சேலை வியாபாரிகள் கடையில் நின்றபடியே திரையில் சேலைகளை விரித்துக் காட்டி, வட்ஸ்அப்பில் ஓடர் எடுத்து, வெளியூர்களுக்குப் பார்சல் அனுப்புகிறார்கள்.

இவற்றில் நமக்கு அதிகம் பாடம் தருவது சீனாவின் நியூ ஒரியண்டல் நிறுவனத்தின் கதை. அது தனியார் வகுப்புகள் நடத்திய நிறுவனம். 2021 ஜூலையில் சீன அரசு அத்தகைய வகுப்புகளுக்குக் கடும் கட்டுப்பாடு விதித்ததும் தொழில் சரிந்தது. 2021 டிசம்பரில் அதன் ஆசிரியர்களை வைத்தே விவசாயப் பொருட்களை நேரலையில் விற்கத் தொடங்கினார்கள். முதல் ஆறு மாதம் பார்வையாளர்கள் அதிகம் வரவில்லை. ஆனாலும் நிகழ்ச்சி தொடர்ந்து நடந்தது. 2022 ஜூனில் டொங் யூஹுவே என்ற ஆசிரியர் அரிசியையும் சோளத்தையும் பற்றிப் பேசும்போதே ஆங்கிலமும் கதையும் கற்றுக்கொடுத்த விதம் மக்களைப் பிடித்துக்கொண்டது. அதன் பிறகுதான் வியாபாரம் பெருகியது.

அந்த ஆறு மாதத்தைக் கவனியுங்கள். பெரிய பெயரும் பணமும் உள்ள நிறுவனத்துக்கே அவ்வளவு காலம் பிடித்தது. இரண்டு வாரம் செய்து பார்த்து, “பதினொரு பேர்தான் பார்த்தார்கள்” என்று கைவிடுபவர்கள் பொறுமையில்லாமல் தோற்றவர்கள்.

தேவையான சாதனங்கள்

ஆரம்பத்துக்கு இவை போதும்: ஓரளவு நல்ல கெமரா உள்ள ஒரு தொலைபேசி, அதை அசையாமல் நிறுத்த ஒரு ஸ்டாண்ட், சட்டையில் குத்தும் சிறிய மைக், இரண்டு எல்.ஈ.டி. விளக்குகள், பார்வையாளர் எழுதுவதைப் படிக்க இன்னொரு தொலைபேசி. இவற்றில் மைக்கை விட்டுவிடாதீர்கள். படம் கொஞ்சம் மங்கினாலும் மக்கள் பொறுப்பார்கள். பேச்சு கேட்காவிட்டால் ஒரு நிமிடம்கூட நிற்கமாட்டார்கள். தகரக் கூரையில் மழை விழும் கடையில் தொலைபேசியின் சொந்த மைக் மழையைத்தான் அனுப்பும்.

விளக்கும் முக்கியம். ஹட்டன் பக்கம் தென்மேல் பருவக்காற்று காலத்தில் பகல் இரண்டு மணிக்கே பனிமூட்டம் இருட்டிவிடும். விளக்கு சரியில்லாவிட்டால் கருநீலம் கறுப்பாகத் தெரியும். கறுப்பென்று வாங்கியவர் கருநீலத்தைப் பார்த்ததும் திருப்பி அனுப்புவார்.

அடுத்தது சிக்னல். நேரலைக்கு வேண்டியது தரவிறக்கும் வேகமல்ல, தரவேற்றும் வேகம். பக்கேஜ் விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது முதலாவதைத்தான். நிகழ்ச்சி நடத்தப்போகும் அதே இடத்தில், அதே நேரத்தில், வேகத்தை அளந்து பாருங்கள். நடுத்தரமான 720பி தரத்துக்கு நொடிக்கு இரண்டரை முதல் நான்கு மெகாபிட் வரை தரவேற்றம் வேண்டும். அது கிடைக்காத இடத்தில் 480பி தரத்துக்கு இறங்குங்கள். விட்டுவிட்டு வரும் தெளிவான படத்தைவிட, சற்று மங்கலாக இருந்தாலும் தொடர்ந்து ஓடும் படமே நல்லது. இரண்டரை மெகாபிட்டில் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 1.1 ஜிபி செலவாகும். வாரம் இரண்டு நிகழ்ச்சி என்றால் மாதத்துக்குப் பத்து ஜிபி என்று கணக்கு வையுங்கள்.

மலையில் ஒரு வளைவுக்கு ஒரு சிக்னல். ஒரே தெருவில் ஒரு நிறுவனத்தின் சிம் நன்றாக எடுக்கும், மற்றது எடுக்காது. ஆகவே வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றையும் தயாராக வைத்திருங்கள். ரவுட்டர் பாவிப்பவர்கள் அதற்குச் சிறிய பெட்டரி ஒன்று வாங்குவது நல்லது. 2022இல் நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது மலையகத்தின் பல பாதைகள் மூடப்பட்டன, மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல இடங்களில் அறுந்தன. அத்தகைய நாட்களில் நிகழ்ச்சியை ஒத்திவைப்பதில் குறையில்லை. ஒத்திவைத்ததைச் சொல்லாமல் விடுவதுதான் குறை.

கணக்குத் தொடங்கும் முன்

நினைத்த நாளிலேயே நேரலைக்குப் போக முடியாது. பேஸ்புக்கில் கணக்கு தொடங்கி 60 நாட்களாவது ஆகியிருக்க வேண்டும், 100 பேராவது பின்தொடர வேண்டும் என்ற விதி 2024 ஜூன் முதல் உண்டு. யூடியூப்பில் தொலைபேசியிலிருந்து நேரலை செய்ய 50 சந்தாதாரர்கள் தேவை. முதன்முறை அனுமதி கிடைக்க ஒரு நாள் வரை ஆகலாம். டிக்டொக்கில் வயது 18 ஆகியிருக்க வேண்டும். பொதுவாக 1,000 பேர் பின்தொடர்ந்தால்தான் நேரலை திறக்கும். இந்த விதிகள் அடிக்கடி மாறுபவை. ஆகவே பெருநாள் வியாபாரத்துக்கு நேரலை செய்ய நினைப்பவர் மூன்று மாதம் முன்பே கணக்கைத் திறந்து, பொருட்களின் சிறு வீடியோக்களைப் போட்டு, தெரிந்த வாடிக்கையாளர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்று தளங்களிலும் ஒரே நேரத்தில் இறங்க வேண்டாம். உங்கள் வாடிக்கையாளர் எதில் இருக்கிறார் என்று கடைக்கு வருபவர்களிடமே கேளுங்கள். அந்த ஒன்றில் கால் ஊன்றிய பிறகு அடுத்ததைப் பார்க்கலாம்.

முதலாவது: நாள்

மக்கள் சந்தைக்குப் போவது ஏன்? இன்ன நாளில் சந்தை உண்டு என்ற நம்பிக்கையில். ஒரு வாரம் போய், சந்தை இல்லாமல் திரும்பினால் அடுத்த வாரம் யோசிப்பார்கள். இலங்கை வானொலித் தமிழ்ச் சேவையின் காலத்தை நினைத்துப் பாருங்கள். பி.எச். அப்துல் ஹமீத் போன்றவர்களின் நிகழ்ச்சிகளுக்காக மக்கள் நேரம் பார்த்து வானொலிப் பெட்டியின் முன் உட்கார்ந்தார்கள். குரல் இனிமை ஒரு காரணம். சொன்ன நேரத்துக்கு நிகழ்ச்சி வரும் என்பது இன்னொரு காரணம்.

ஆகவே வாரத்தில் ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள், ஒரே நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். தோட்டத்துப் பெண்கள் வேலை முடிந்து, கொழுந்து நிறுத்து, வீட்டுக்கு வந்து, சமைத்து முடிக்க இரவு எட்டாகும். கொழும்பில் கடை வேலை செய்பவர் அறைக்கு வர ஒன்பதாகும். எட்டரை அல்லது ஒன்பது மணி பலருக்கும் பொருந்தும். ரமழானில் தராவீஹ் முடிந்த பிறகு நேரத்தைத் தள்ளி வைத்து, மாற்றத்தை ஒரு வாரம் முன்பே அறிவித்துவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். நிகழ்ச்சியின் நேரத்தைக் கடைப் பலகையிலும் பில் புத்தகத்திலும் பையிலும் அச்சடியுங்கள்.

ஆண்டு முழுவதுக்குமான பட்டியல் ஒன்றும் வேண்டும். டிசம்பர் பௌர்ணமி முதல் வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பருவம். ஹட்டன் வழியாகக் கூட்டம் போகும். கம்பளித் தொப்பிக்கும் கையுறைக்கும் அதுவே நேரம். ஏப்ரலில் நுவரெலியா வசந்தகாலம். ஜூனில் மழைக்கோட்டும் குடையும். இவற்றோடு தைப்பொங்கல், இரு பெருநாட்கள், தீபாவளி, நத்தார். இந்தப் பட்டியல் கையில் இருந்தால், “இந்த வாரம் எதைக் காட்டுவது?” என்று தலையைச் சொறிய வேண்டியதில்லை. பல நேரலைகள் நின்றுபோவது பார்வையாளர் இல்லாமல் அல்ல, காட்டுவதற்குப் பொருளும் பேசுவதற்கு விடயமும் தீர்ந்துபோவதால்தான்.

இரண்டாவது: மாதிரி

திரையில் பார்ப்பவரால் துணியைத் தொட்டுப் பார்க்க முடியாது. தேயிலையை முகர முடியாது. அவர் தொட வேண்டியதை நீங்கள் தொட்டுச் சொல்ல வேண்டும். துணியென்றால் அளவு நாடாவை வைத்து நீளம் அகலம் காட்டுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து எவ்வளவு மெல்லியது என்று காட்டுங்கள். தையலின் உட்பக்கத்தைத் திருப்பிக் காட்டுங்கள். சாயம் போகுமென்றால் போகும் என்று சொல்லுங்கள்.

தேயிலை விற்பவருக்கு இது இன்னும் வசதி. தேயிலையைச் சோதிக்க உலக அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை ஒன்று உண்டு: 100 மில்லிலீட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம். திரைக்கு முன் இரண்டு வகையை இப்படி ஊற்றிக் காட்டினால் நிறத்தின் வேறுபாட்டைப் பார்ப்பவரே கண்டுகொள்வார். 4,000 அடிக்கு மேல் விளைவது உயர்நிலத் தேயிலை என்பதையும், ஹட்டன் பகுதி டிம்புள்ள வட்டாரத்தில் அடங்கும் என்பதையும், ஆண்டின் முதல் மூன்று மாதங்கள் அதன் நல்ல பருவம் என்பதையும் சொல்லுங்கள். தேயிலை நாட்டிலேயே பலருக்கு இது தெரியாது. ஆனால் சிங்க இலச்சினை இலங்கைத் தேயிலைச் சபைக்கு உரியது. அனுமதியில்லாமல் அதைப் பொதியில் போடக் கூடாது. வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய நினைப்பவர் முதலில் அந்தச் சபையில் பதிவு செய்ய வேண்டும்.

குறையைச் சொல்லி விற்பது நமது வியாபாரத்தின் அடிப்படை ஒழுக்கம். சத்தியம் செய்து விற்பதும், “இன்னும் இரண்டுதான் இருக்கிறது” என்று களஞ்சியத்தில் இருபதை வைத்துக்கொண்டு சொல்வதும் நமக்கு ஆகாதவை. உலக நடைமுறையும் இதையே காட்டுகிறது. சீனாவில் சின்பா என்ற பிரபல நேரலை விற்பனையாளரின் குழு 2020 இறுதியில் விலையுயர்ந்த பறவைக்கூட்டுப் பானம் என்று விற்றது பெரும்பாலும் சர்க்கரைத் தண்ணீர் என்று வெளிப்பட்டது. அபராதமும் விதிக்கப்பட்டது, கணக்கும் 60 நாட்கள் முடக்கப்பட்டது. நேரலையில் சொன்னதை யாராவது ஒருவர் பதிவு செய்துகொண்டிருப்பார் என்பதை மறக்கக் கூடாது.

நாவடக்கமும் மாதிரியில் சேர்ந்ததே. லீ ஜியாச்சி என்பவர் சீனாவில் உதட்டுச்சாயம் விற்பதில் பேர்போனவர். 2023 செப்டெம்பரில், புருவப் பென்சில் விலை கூடிவிட்டது என்று எழுதிய ஒருவரிடம், நீங்கள் ஒழுங்காக உழைத்தீர்களா, சம்பளம் ஏறியதா என்ற தொனியில் நேரலையிலேயே கேட்டுவிட்டார். பிறகு அழுது மன்னிப்புக் கேட்டும் பல இலட்சம் பேர் அவரைப் பின்தொடர்வதை விட்டார்கள். தினக்கூலி வாங்கும் மக்களுக்கு விற்கும் நாம் இதை இரண்டு முறை படிக்க வேண்டும். “நானா, விலை கூடத்தானே?” என்று ஒரு தங்கச்சி எழுதினால், விலைக்குக் காரணத்தைச் சொல்லுங்கள், குறைந்த விலைப் பொருள் இருந்தால் காட்டுங்கள். அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம்.

ஒரு மணி நேரத்தைப் பிரிப்பது

ஆட்கள் சேரட்டும் என்று முதல் ஐந்து நிமிடத்தைச் சும்மா கழிக்க வேண்டாம். வந்தவர் போய்விடுவார். வணக்கமோ ஸலாமோ சொல்லி, இன்று என்னென்ன காட்டப் போகிறீர்கள் என்று முதல் நிமிடத்திலேயே அறிவியுங்கள். பத்து, பன்னிரண்டு பொருள் போதும். ஒவ்வொன்றுக்கும் பெரிய எழுத்தில் இலக்கம் எழுதிய அட்டை இருக்கட்டும். பொருளைக் காட்டும்போது இலக்கம், விலை, அளவு மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். பார்ப்பவர் இடையில் வருவார், இடையில் போவார். ஆகவே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கடையின் பெயர், ஊர், வட்ஸ்அப் இலக்கம், ஓடர் செய்யும் முறை ஆகியவற்றைத் திரும்பச் சொல்ல வேண்டும்.

நீங்கள் பேசுவது பார்ப்பவருக்குச் சில நொடிகள் தாமதித்தே போய்ச் சேரும். கேள்வி கேட்டுவிட்டு உடனே, “யாருக்கும் வேண்டாமா?” என்று அடுத்ததுக்குத் தாவாதீர்கள். அரை நிமிடம் பொறுங்கள். சினிமாப் பாட்டுப் போட வேண்டாம். பதிப்புரிமைப் பிரச்சினையால் ஒலி அறுக்கப்படும், நேரலையே நிறுத்தவும்படலாம்.

விலையை மறைக்கும் பழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. “விலைக்கு இன்பொக்ஸ் வாருங்கள்” என்பார்கள். இது சந்தேகத்தைத்தான் வளர்க்கும். நம் நாட்டில் நுகர்வோர் பாதுகாப்புக்கு 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் உண்டு. நுகர்வோர் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். கடையில் விலை எழுதி வைப்பது போலவே திரையிலும் விலையைச் சொல்லுங்கள். பில்லும் கொடுங்கள். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் நடைமுறையில் உள்ளது. மற்றக் கடைகளைப் பற்றியோ எந்த சமூகத்தைப் பற்றியோ யாராவது தாறுமாறாக எழுதினால் உடனே நீக்கிவிடுவதற்கு ஒருவர் இரண்டாவது தொலைபேசியில் இருக்கட்டும். வாடிக்கையாளரின் முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் வாய்விட்டு வாசிக்காதீர்கள். குறிப்பாகப் பெண்களுக்கு அதனால் வரும் தொல்லை கொஞ்சமல்ல.

மூன்றாவது: கணக்கு

நேரலை முடிந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. ஒரு கொப்பியில் இலக்கம், பெயர், ஊர், தொகை, பணம் வந்ததா, பொருள் போனதா என்று ஆறு நிரல் போடுங்கள். ஒரு பொருள் ஒன்றுதான் இருந்து மூன்று பேர் கேட்டால், முதலில் எழுதியவருக்கே கொடுங்கள். மற்ற இருவருக்கும் அன்றிரவே பதில் அனுப்புங்கள்.

பொருள் கையில் கிடைத்ததும் காசு என்ற முறையை எல்லோரும் விரும்புகிறார்கள். அதன் கணக்கைப் பார்ப்போம். இது உதாரணம் மட்டுமே. ஒரு வாரத்தில் 20 பார்சல், ஒவ்வொன்றிலும் இலாபம் 500 ரூபா, கூரியர் கட்டணம் 400 ரூபா என்று வையுங்கள். பொருளை ஏற்பவர் கூரியர் கட்டணத்தையும் தருவார். ஏற்காமல் திருப்பினால் அது கடையின் தலையில் விழும். நான்கு திரும்பி வந்தால், 16 பார்சலில் 8,000 ரூபா இலாபம், திரும்பியவற்றுக்கு 1,600 ரூபா நட்டம், மீதி 6,400. உதவியாள், பொதி, டேட்டா என்று 2,000 போனால் கையில் 4,400 ரூபா. எட்டு திரும்பி வந்தால் 12 பார்சலில் 6,000, நட்டம் 3,200, மீதி 2,800. செலவு 2,000 போனால் கையில் வெறும் 800 ரூபா. விற்பனை இருபதுதான், ஆனால் இலாபம் எங்கே போனது பார்த்தீர்களா?

இதற்கு ஒரு வழி உண்டு. கூரியர் கட்டணத்தை மட்டும் முன்கூட்டியே வங்கிக்கோ தொலைபேசிப் பணமாகவோ அனுப்பச் சொல்லுங்கள். உண்மையில் வாங்க நினைப்பவர் 400 ரூபா அனுப்புவார். விளையாட்டுக்கு எழுதுபவர் அனுப்பமாட்டார். அப்போது எட்டு திரும்பினாலும் கையில் 4,000 ரூபா நிற்கும்.

தோட்டங்களுக்கு இன்னும் சிறந்த வழி, பொறுப்புள்ள ஒரு சிறு கடையையோ தெரிந்த ஓட்டோக்காரரையோ ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஏற்பாடு செய்வதுதான். மஸ்கெலியாப் பக்கத்து ஓடர்கள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாக அனுப்பி, அங்கிருந்து பிரித்துக் கொடுத்தால் ஒவ்வொரு பார்சலுக்கும் தனிக் கூரியர் தேவையில்லை. அளவு பொருந்தாவிட்டால் மாற்றித் தரவும் முடியும். கொழும்பு வியாபாரி இந்த வசதியைக் கொடுக்கவே முடியாது. சம்பள நாளுக்குப் பிறகு பணம் தருகிறேன் என்று கேட்கும் பழைய வாடிக்கையாளரின் ஓடரைத் தனியாக எழுதி, பொருளையும் அந்த நாளுக்கே அனுப்புங்கள். நேரலையில் புதிதாக வருபவருக்குக் கடன் வேண்டாம்.

வருமானக் கணக்கை மறைக்க நினைப்பவர்களுக்கும் ஒரு செய்தி. சீனாவின் முதல்நிலை நேரலை விற்பனையாளராக இருந்த வேய்யா என்ற பெண்மணிக்கு, வரி ஏய்ப்புக்காக 2021 டிசம்பரில் 134 கோடி யுவான் வரியும் அபராதமும் விதிக்கப்பட்டது. அவரது கணக்குகளும் மறைந்தன. ஊரே பார்க்கும் இடத்தில் விற்றுவிட்டு, விற்கவில்லை என்று சொல்ல முடியாது. வியாபாரப் பெயரைப் பதிவு செய்து, கணக்காளர் ஒருவரிடம் ஆரம்பத்திலேயே ஆலோசனை கேட்பது மலிவானது.

வாடகை நிலத்தில் கட்டிய கடை

பேஸ்புக்கோ டிக்டொக்கோ உங்களுடையவை அல்ல. நிலத்துக்காரர் எந்த நேரத்திலும் ஒப்பந்தத்தை மாற்றுவார். பேஸ்புக் தனது நேரலைக் கடை வசதியை 2022 ஒக்டோபர் 1ஆம் திகதியுடன் மூடியது. சாதாரண நேரலை இருந்தாலும், பொருட்பட்டியலை அதில் இணைத்து விற்ற வசதி போய்விட்டது. 2025 பெப்ரவரி முதல் புதிய நேரலை வீடியோக்கள் 30 நாட்களில் அழிந்துவிடும் என்றும் அறிவித்தது. ஆகவே ஒவ்வொரு நிகழ்ச்சியையும் அதே வாரத்தில் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டிலும் 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலிலும், 2022 ஏப்ரலிலும் சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டன. அந்த நாட்களில் திரையை மட்டும் நம்பிய வியாபாரி என்ன செய்வார்?

வாங்கியவரின் அனுமதியுடன் அவரது தொலைபேசி இலக்கத்தை உங்கள் கொப்பியில் எழுதி வைப்பதே இதற்குக் காப்புறுதி. தளம் மூடினாலும் அந்தக் கொப்பி மூடாது.

ஒரே முகத்தை நம்புவதிலும் ஆபத்து உண்டு. மேலே சொன்ன ஆசிரியர் டொங் யூஹுவே 2024 ஜூலையில் நிறுவனத்தை விட்டு விலகினார். அடுத்த நாளே அதன் பங்கு விலை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. சிறு கடையிலும் இதே கதைதான். நன்றாகப் பேசும் தம்பி வெளிநாடு போனால் நிகழ்ச்சியும் போய்விடும். ஆரம்பத்திலிருந்தே இரண்டு பேர் மாறிமாறிப் பேசப் பழகுங்கள். கெமராவுக்கு முன் வர விருப்பமில்லாதவர் பொருளையும் கையையும் மட்டும் காட்டிப் பேசலாம். மக்கள் பார்க்க வருவது பொருளைத்தான்.

மூன்று மாதத் தவணை

தொடங்குபவர் 13 வாரம் என்று ஒரு தவணை வைத்துக்கொள்ளட்டும். கடன் வாங்கி இறங்க வேண்டாம். இருக்கும் சரக்கோடு தொடங்குங்கள். முதல் மாதம் பார்வையாளர் எண்ணிக்கையைப் பார்க்கவே வேண்டாம். சொன்ன நேரத்துக்கு நிகழ்ச்சி நடந்ததா என்று மட்டும் பாருங்கள். இரண்டாம் மாதம் திரும்பி வந்த பார்சல்களை எண்ணுங்கள். ஒவ்வொன்றும் ஏன் திரும்பியது என்று எழுதுங்கள். நிறமா, அளவா, தாமதமா? அந்தக் காரணத்தை அடுத்த நிகழ்ச்சியில் சரிசெய்யுங்கள். மூன்றாம் மாதம் இரண்டாவது தடவை வாங்கியவர்களை எண்ணுங்கள்.

இந்தக் கடைசி எண்ணிக்கைதான் தீர்ப்பு. ஆயிரம் பேர் பார்த்து ஐந்து பேர் வாங்கி, அந்த ஐவரும் திரும்பி வராவிட்டால் அது வேடிக்கை. அறுபது பேர் பார்த்து எட்டுப் பேர் வாங்கி, அதில் ஐந்து பேர் மறுபடியும் வந்தால் அது வியாபாரம். 13 வாரம் முடிந்தும் யாரும் இரண்டாம் முறை வரவில்லையென்றால் பொருளையோ விலையையோ மாற்றிப் பாருங்கள். அல்லது செலவைக் கூட்டாமல் நிறுத்திவிடுங்கள். நிறுத்துவதையும் வாடிக்கையாளருக்குச் சொல்லி, பாக்கி ஓடர்களைக் கொடுத்து முடித்துவிட்டு நிறுத்த வேண்டும். கடை அதே வீதியில்தானே இருக்கப் போகிறது?

இந்த மலைநாட்டுக் கடைவீதிகளை வளர்த்தவர்கள் தலைச்சுமையாகத் துணியைக் கொண்டுபோய் லயம் லயமாக விற்றவர்கள். மாதத்தில் இன்ன நாளில் வருவேன் என்று சொன்னால் மழையிலும் வந்தார்கள். காட்டிய துணியையே கொடுத்தார்கள். கணக்கைக் கொப்பியில் எழுதி வைத்தார்கள். அந்த மூன்றும் கையில் இருந்தால், திரைக்கு முன் நிற்பதற்கு நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. முதலில் இந்த வாரமே ஒரு நாளையும் ஒரு நேரத்தையும் தீர்மானித்து, கடைப் பலகையில் எழுதி வையுங்கள்.